கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட், அதாவது பதிவு, கொடுத்தால் விம் என்ற எடிட்டர் திறந்துகொள்கிறது, வெளியே வரவே முடியவில்லை. என்ன செய்வது?

எஸ்கேப், கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எஸ் எல்லாம் அடித்தும் திரை அசையவில்லை, டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சன்னலை) மூடித்தான் தப்பிக்கிறேன், அடுத்த முறை ஏதோ பெரிய எச்சரிக்கை வேறு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் கன்ட்ரோல்-எஸ் இருப்பதுதான் என் சந்தேகம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் "விம் தொங்கிடுச்சு" என்று கூப்பிட்டால் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

வேர்டிலும் நோட்பேடிலும் சேமித்துப் பழகிய கை, தானாகக் கன்ட்ரோல்-எஸ்ஸுக்குப் போய்விடும். பல டெர்மினல்களில் அதற்கு "திரையில் எழுதுவதை நிறுத்து" என்று அர்த்தம். டெலிடைப் என்ற மெதுவான தட்டச்சு இயந்திரங்களின் காலத்து ஏற்பாடு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் அடிப்பதெல்லாம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கன்ட்ரோல்-க்யூ அடித்தால் திரைக்கு உயிர் வரும். கோபத்தில் தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து விழும், பயப்பட வேண்டாம்.

இப்போது எஸ்கேப்பை இரண்டு தடவை அடியுங்கள். அப்புறம் கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, எண்டர். எழுதியதை விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். சேமிக்க வேண்டும் என்றால் கோலன், டபிள்யூ, க்யூ, எண்டர். எழுத்துகள் சின்ன எழுத்தாக இருக்க வேண்டும், கேப்ஸ் லாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பொறி உண்டு: தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் போட்டிருந்தால் க்யூ விசையில் "ஆ"தான் வரும். கட்டளை வரியில் "ஆ" விழுந்தால், அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று 492-ஆம் எண் பிழையைக் காட்டும். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

எங்கே மாட்டியிருக்கிறோம் என்பதைத் திரையின் கடைசி வரியே சொல்லும். 'இன்சர்ட்' என்று இருந்தால் எழுதும் நிலையில் இருக்கிறீர்கள், எஸ்கேப் போதும். 'ரெக்கார்டிங்' என்று இருந்தால் தவறிப்போய் க்யூவைத் தட்டி மேக்ரோ பதிவை (அடிக்கும் விசைகளைத் திரும்ப ஓட்டுவதற்காகப் பதிந்துவைப்பது) தொடங்கிவிட்டீர்கள், எஸ்கேப் அடித்துவிட்டு இன்னொரு க்யூ அடித்தால் நிற்கும். கோலனும் க்யூவும் இடம் மாறி, க்யூ முதலில் விழுந்தால் பழைய கட்டளைகளுடன் கீழே ஒரு குட்டிச் சன்னல் திறக்கும். அதையும் கோலன், க்யூ, எண்டர் கொடுத்தே மூடலாம். கன்ட்ரோல்-இசட் அடித்து "அப்பாடா, வந்துவிட்டேன்" என்று நினைப்பவர்களும் உண்டு. விம் பின்னால் உறங்குகிறது, எஃப்-ஜி என்று அடித்தால் திரும்பி வரும்.

அந்தப் பெரிய எச்சரிக்கை, டெர்மினலை மூடியதன் மிச்சம். நீங்கள் எழுதிக்கொண்டிருந்ததை விம் ஸ்வாப் என்ற ஒரு தற்காலிகக் கோப்பில் வைத்திருக்கிறது. மீட்க வேண்டும் என்றால் ஆர், குப்பை என்றால் டி. டி என்ற வாய்ப்பே காட்டவில்லை என்றால் அதே கோப்பு வேறொரு விம்மில் இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம், முதலில் அதைத் தேடி மூடுங்கள்.

கிட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சாதாரணக் கமிட்டில் செய்தி எதுவும் சேமிக்காமல் வெளியேறினால் கமிட் ரத்தாகிவிடும். ஆனால் அமெண்ட் (கடைசிக் கமிட்டைத் திருத்துவது) செய்யும்போதோ மெர்ஜ் (இரண்டு கிளைகளை இணைப்பது) செய்யும்போதோ செய்தி ஏற்கனவே நிரப்பப்பட்டிருக்கும். அங்கே ஆச்சரியக்குறி போட்டு வெளியேறினாலும், இருக்கிற செய்தியை எடுத்துக்கொண்டு கிட் வேலையை முடித்துவிடும். உண்மையாகவே வேண்டாம் என்றால் கோலன், சி, க்யூ, எண்டர். இது "தோல்வி" என்று கிட்டுக்குச் சொல்லிவிட்டு வெளியேறும். பலருக்குத் தெரியாத கட்டளை, என்னைக் கேட்டால் விம்மில் முதலில் சொல்லித்தர வேண்டியதே இதுதான்.

இவ்வளவு கோணலாக ஏன் இருக்கிறது என்றால், விம்முக்கு மூதாதையான வி-ஐ 1976-இல் பில் ஜாய் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதியது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில், இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது, சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே. அம்புக்குறிகளும் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிட்டிருந்தன. அந்தப் பலகையில் உட்கார்ந்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருந்திருக்கும். பிராம் மூலெனார் 1991-இல் விம்மை வெளியிட்டபோது அதே பழக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டார்.

விம் கற்றே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கமிட் செய்தி எழுத நானோ என்ற எளிய எடிட்டர் போதும். கிட்டின் குளோபல் கான்ஃபிக்கில் (உங்கள் கணக்குக்கான பொது அமைப்பில்) கோர்.எடிட்டர் என்பதற்கு நானோ என்று கொடுங்கள். வெளியேறும் விசை கன்ட்ரோல்-எக்ஸ் என்று அதுவே திரையின் அடியில் எழுதி வைத்திருக்கும். சர்வரில் வேறு கணக்கில் நுழைந்தால் இந்த அமைப்பு வராது, அங்கேயும் ஒரு தடவை கொடுக்க வேண்டும்.