அம்மாவின் எலும்பு மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம் சகோதரி. அம்மாவுக்கு 68 வயது, எலும்பு அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 3.1, போன வருடம் வழுக்கி விழுந்து மணிக்கட்டும் உடைந்திருக்கிறது, வாரம் ஒரு முறை போடும் எலும்பு மாத்திரை அலெண்ட்ரோனேட் நெஞ்செரிச்சல் தருவதால் அதை விட்டுவிட்டுப் பிரண்டை, கேழ்வரகோடு சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். மைனஸ் 2.5 வந்தாலே எலும்பு மெலிந்து எளிதில் உடையும் எலும்புப்புரைதான், அதோடு ஒரு முறிவும் ஆனபின் சாப்பாடு மட்டும் தாங்காது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கேழ்வரகும் நெத்திலியும் தாராளமாக வாங்குங்கள், கால்சியமும் வைட்டமின் டியும் போதாவிட்டால் மாத்திரையும் சரியாக வேலை செய்யாது.

முதலில் எப்படிப் போடுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். என் அம்மா தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு மறுபடி போய்ப் படுத்துவிடுவார், எரியாமல் என்ன செய்யும்! காலையில் வெறும் வயிறு, ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். என் அம்மா காலை உணவு வரை வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தார், எரிச்சல் போய்விட்டது.

விழுங்கும்போதே வலித்தாலோ, எரிச்சல் அதிகமானாலோ மட்டும் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வருடம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட் என்ற எலும்பு மருந்து இருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதைக் கேட்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி என்றால் தவணை தவறவே கூடாது, திடீரென்று விட்டால் முதுகெலும்பு முறியலாம்.