மரமனிதர்களிடம் இல்லாதது

கேள்வி: மக்காச்சோள மாவைப் பிசைந்து மனிதனைச் செய்ததாக மாயர் புராணம் சொல்கிறதாம். வானத்தை அவ்வளவு துல்லியமாகக் கணித்தவர்கள் மனிதனைப் பற்றி மட்டும் ஏன் இப்படிச் சிறுபிள்ளைத்தனமாக யோசித்தார்கள்? அழிந்தே போன இனத்தின் கதையை இன்னும் ஏன் பேச வேண்டும்?

பதில்: நீங்கள் கதையின் வாலை மட்டும் பிடித்திருக்கிறீர்கள். மக்காச்சோளத்துக்கு வருமுன் தெய்வங்கள் மூன்று தடவை தோற்றன. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் கிச்சே என்ற மாயர் பிரிவினர் எழுதிவைத்த 'போபோல் வூ' நூலில் இது விரிவாக இருக்கிறது. தெய்வங்கள் முதலில் விலங்குகளைப் படைத்தன, அவற்றுக்குப் படைத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வரவில்லை. சேற்றில் ஒரு உருவம் செய்தன, அது தண்ணீரில் கரைந்தது.

அப்புறம் மரமனிதர்கள். நடந்தார்கள், பேசினார்கள், பிள்ளை குட்டி பெற்றுப் பெருகினார்கள். நெஞ்சில் மட்டும் ஈரம் இல்லை, யாரால் வந்தோம் என்ற நினைப்பும் இல்லை. வெள்ளம் வந்தபோது வீட்டுச் சாமான்களே அவர்களுக்கு எதிராக எழுந்தன. "விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எங்கள் முகத்தில்தானே அரைத்தீர்கள்" என்றது அரைக்கும் கல். "அடுப்பில் வைத்து எங்களைக் கரியாக்கினீர்களே" என்றன பானையும் ரொட்டிக்கல்லும். தீனி போடாமல் தடியெடுத்து விரட்டியதைச் சொல்லிக் கடித்தது நாய். காட்டுக் குரங்குகள் அந்த மரமனிதர்களின் மிச்சம் என்கிறது கதை.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. கையால் அரைத்துச் சமைத்த ஒரு வீட்டில், அந்தக் கல்லுக்கும் நாய்க்கும் என்ன கடன் பட்டிருக்கிறோம் என்று யோசித்த யாரோதான் இதைச் சொல்லியிருக்க முடியும். கடைசியில் ஷ்முகானே என்ற பாட்டி, மஞ்சளும் வெள்ளையுமான மக்காச்சோளத்தை ஒன்பது தடவை அரைக்கிறாள். அந்த மாவே சதையாகிறது. சோள மனிதர்கள் கண் திறந்து, உலகம் முழுவதையும் பார்த்துவிட்டு, முதலில் நன்றி சொல்கிறார்கள். மரமனிதர்களிடம் தெய்வங்கள் எதிர்பார்த்து ஏமாந்தது இந்த நினைவைத்தான்.

எழுதிய காலத்தையும் பாருங்கள். 1524-ல் ஸ்பானியர்கள் கிச்சேக்களின் தலைநகரை எரித்தார்கள். அமெரிக்கப் பழங்குடிகள் மனிதர்கள்தானா என்று ஐரோப்பாவில் வாதம் நடந்து, மனிதர்களே என்று 1537-ல் போப் மூன்றாம் பால் ஆணை எழுத வேண்டியிருந்தது. அதே நூற்றாண்டின் நடுவில், மனிதன் என்றால் யார் என்பதைக் கிச்சேக்கள் தங்கள் மொழியிலேயே எழுதிவைத்தார்கள்.

வானக் கணக்கும் இதிலிருந்து தனியானதல்ல. கிச்சே மொழியில் 'வினாக்' என்றால் மனிதர். இருபதுக்கு 'ஹுவினாக்', அதாவது ஒரு முழு ஆள். கைவிரலும் கால்விரலும் சேர்த்து. 20 நாள் பெயர்களும் 13 எண்களும் சுழன்று 260 நாள் பஞ்சாங்கம் ஆகின்றன. அழிந்துபோனார்கள் என்கிறீர்கள். குவாத்தமாலா மலையூர்களில் கிச்சே பேசுகிறவர்கள் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பிறந்த பிள்ளைக்கு அந்த 260-ல் எந்த நாள் என்று எண்ணிச் சொல்லும் பெரியவர்களும் அங்கே இருக்கிறார்கள்.