எல்1ஐ தட்டித் தள்ளுறவைக்கும் சேத்து: பாரி கேள்வி பதில்

எல்டன் ரிங், செகிரோ எண்ட ரெண்டு கேம்லயும் பாரி (எதிரி அடிக்கேக்க சரியான நேரத்தில பட்டன் அமத்தி அந்த அடியை தட்டிவிடுறது) வருதில்லை எண்டு கனபேர் கேட்டிருக்கினம், எல்லாத்துக்கும் இதிலயே பதில் சொல்லுறன். எல்1, எல்2, ஆர்1 எண்டுறது எல்லாம் கொன்ட்ரோலர் பட்டன். ஸ்டோரி, எந்த பில்ட் நல்லம் எண்ட கதையெல்லாம் என்னட்ட வேண்டாம், எனக்கு அதில இன்ட்ரஸ்ட் இல்ல.

கே: அண்ணா, எல்டன் ரிங்ல எல்2 அமத்தினா ஷீல்ட் அசையுதே இல்ல, வாள்தான் என்னமோ செய்யுது.

ஒண்டு, வாளை ரெண்டு கையாலயும் பிடிச்சிருப்பீங்க. இல்லாட்டி அந்த ஷீல்ட்ல பாரி ஸ்கில் இல்ல. பெரிய ஷீல்டுக்கு பாரி போடவே ஏலாது, சின்னன் இல்லாட்டி மீடியம்தான்.

கே: எப்ப அமத்திறது எண்டு பிடிபடுதே இல்ல. மார்கிட்டிட்ட செத்து செத்து வெறுத்துப் போச்சு. (வெள்ளவத்தையில இருந்து)

தம்பி, மார்கிட் ஒரு பாஸ் (பெரிய எதிரி), அவனிட்ட பழகப் போகாதீங்க. அவன் தடியை தூக்கி வச்சுக்கொண்டு நிப்பான், நீங்க பயத்தில அமத்துவீங்க, அதுக்குப் பிறகுதான் இறக்குவான், அவனை செய்து வச்சதே அதுக்குத்தான். கேட்ஃபிரண்ட் இடிபாட்டடியில வாள் வச்சிருக்கிற சோல்ஜர் ஒருத்தனை தனிய இழுத்துக்கொண்டு வாங்க. அவனை அடிக்கவே வேண்டாம், பாரி மட்டும்.

எல்2 அமத்தின உடன பாரி வேலை செய்யாது, கை வீசத் தொடங்கி கொஞ்ச ஃபிரேம் (திரையில ஒரு படம் நிக்கிற நேரம்) போன பிறகுதான் திறக்கும், திறந்து இருக்கிறதும் கொஞ்ச ஃபிரேம்தான், பிறகு கை திரும்பி வரும் வரைக்கும் ஆரும் வந்து அடிச்சிட்டுப் போகலாம். அதால வாள் உங்கள்ள படப்போகேக்க அமத்தினா லேட். பின்னுக்கு போன கை முன்னுக்கு வர வெளிக்கிடுற அந்த இடத்தில அமத்தோணும். வாளைப் பாக்காதீங்க, தோளைப் பாருங்க. மாலிங்கவை ஆடுறவன் பந்து குத்துற இடத்தையா பாத்துக்கொண்டு நிப்பான், கையைத்தானே பாப்பான்.

அடி பட்டும் உயிர் கொஞ்சமாத்தான் குறைஞ்சா நீங்க கிட்ட வந்திட்டீங்க, அந்த டைமிங்கை விட்டிடாதீங்க. ஷீல்ட் வீசி முடிஞ்ச பிறகு முழுசா அடி விழுந்தா நேரத்துக்கு முன்னம் அமத்துறீங்க, கனபேரின்ட பிரச்சினை இதுதான், லேட் இல்ல. பக்லர் எண்ட சின்ன ஷீல்ட் இருந்தா இன்னும் லேசு. பேண்டிட் கிளாஸ் எடுத்தா தொடங்கேக்கயே கையில இருக்கும், மத்தவை ஸ்டோம்வேல் கோட்டைக்குள்ள கொஸ்டொக் எண்ட ஆளிட்ட வாங்கலாம், ஆனா அதுக்கு முதல் மார்கிட் வாசல்ல நிக்கிறான். பாரி விழுந்தா முன்னால நிண்டு ஆர்1, அதுதான் கிரிட்டிக்கல் எண்ட பெரிய அடி. அதுக்கு மிசரிக்கோர்ட் எண்ட டாகர் நல்லம், கிரிட்டிக்கல் 140, அதே கோட்டைக்குள்ளதான் இருக்கு.

கே: எல்லாம் சரியாத்தான் செய்யுறன், ஆனா எப்பவும் லேட்டாகுது. 43 இஞ்சி டிவி.

டிவில கேம் மோட் போட்டிருக்கிறீங்களா? போடாட்டி சில டிவில 100 மில்லிசெகனுக்கு மேல லேட்டாகும். செகனுக்கு 60 ஃபிரேம் ஓடினா ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகன்தான், அப்ப 6 ஃபிரேம் அப்பிடியே போச்சு. முதல் அதை மாத்துங்க, பிறகு கேள்வி கேளுங்க.

கே: செகண்ட் ஹேண்ட் பிஎஸ்5 இப்ப என்ன விலை போகுது?

யூனிட்டி பிளாசாவில போய் கேளுங்க.

கே: சும்மா டைமிங் டைமிங் எண்டு பயப்படுத்துறீங்க ப்ரோ. நான் செகிரோவை எல்1ஐ தட்டித் தட்டியே முடிச்சன்.

முடிச்சிருப்பீங்க, இல்லை எண்டு சொல்லேல்ல. செகிரோவில ஒரு தரம் சரியா அமத்தினா டிஃப்ளெக்ட் (அங்கத்த பாரி) நேரம் முழுசா கிடைக்கும், அடுத்தடுத்து தட்டினா அந்த நேரம் சுருங்கிக்கொண்டே போகும், தட்டுறவைக்கு எண்டே கேம் செய்தவன் வச்ச வேலை அது. தவறினாலும் சும்மா பிளொக் ஆகும், அதால சாகேல்ல, பொஸ்சர் (நிலை தளருறதை காட்டுற கோடு) மட்டும் ஏறிக்கொண்டே வந்து கடைசியில உடைஞ்சு நிப்பீங்க. சரியா டிஃப்ளெக்ட் பண்ணினா பொஸ்சர் நிரம்பினாலும் உடையாது. தீப்பொறியை பாருங்க, சத்தத்தை கேளுங்க, ரெண்டும் வேற வேறயா இருக்கும்.

கே: முடிச்சது முடிச்சதுதானே, அதில என்ன வித்தியாசம்?

செகிரோ பாஸ் கெனிச்சிரோவிட்ட எவ்வளவு நேரம் நிண்டீங்க எண்டு மட்டும் சொல்லுங்க.

கே: அவர் சொல்லுறது சரி அண்ணா, நானும் எல்டன் ரிங்ல அப்பிடித்தான் எல்2ஐ தட்டுறன், சில நேரம் விழுது.

இதுக்குத்தான் பயந்தன். ரெண்டும் ஒண்டில்லை!! எல்டன் ரிங்ல ஒருக்கா அமத்தினா முழு வீச்சும் முடியும் வரைக்கும் நிப்பாட்ட ஏலாது, பிளொக்கும் இல்ல. செகிரோவில தட்டுறவன் தப்புவான், இஞ்ச தட்டுறவன் செத்தான். "சில நேரம் விழுது" எண்டா லொத்தர் சீட்டு வெட்டுங்க, அதிலயும் சில நேரம் விழும். 2022 பெப்ரவரியில எல்டன் ரிங் வந்துது, மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, அதுக்குள்ள கிடைச்ச நேரத்தில சனம் ஒழுங்கா பழகினது. உங்களுக்கு ஒரு அரை மணித்தியாலம் ஒரு சோல்ஜரோட நிக்க ஏலாதா?

கே: அப்ப செகிரோவில எங்க பழகுறது? தட்டுறவருக்கும் சேத்து கேக்கிறன் ஹா ஹா

பாழடைஞ்ச கோயிலுக்கு வெளியில ஹன்பே நிக்கிறான், எத்தினை தரம் வெட்டினாலும் சாகமாட்டான், பழகத்தான் அவனை வச்சிருக்கு. சிவப்பு எழுத்து தலைக்கு மேல வந்தா மட்டும் யோசிங்க: காலுக்கு வீசினா பாயுங்க, பிடிக்க வந்தா விலகுங்க, இது ரெண்டையும் டிஃப்ளெக்ட் பண்ண ஏலாது. குத்தினா மிகிரி, அதாவது குத்துற ஆயுதத்தை காலால மிதிக்கிற ஸ்கில்.

கே: பாரி எனக்கு லேட்டாகுது, மொனிட்டர் இல்ல, டிவி...

கேம் மோட். மேல வாசிச்சிட்டு வாங்க.

கே: மலேனியாவை பாரி பண்ணினன், ஒண்டும் நடக்கேல்ல. பக் ஆ?

பக் இல்ல. மலேனியா எல்டன் ரிங் பாஸ், அவளுக்கு மூண்டு பாரி விழோணும், பிறகுதான் கிரிட்டிக்கல். சில பாஸுக்கு ஒண்டு காணாது.

கே: எக்ஸ்பெடிஷன் 33ல என்ன செய்யுறது? அது டேர்ன் பேஸ்டாச்சே.

2025ல வந்ததில எனக்கு பிடிச்ச கேம் அது. மாறி மாறி அடிக்கிற கேம் எண்டாலும் எதிரி அடிக்கேக்க பட்டன் அமத்தோணும். அதில டொட்ஜுக்கு (விலகுறதுக்கு) நேரம் கூட, பாரிக்கு குறைய. முதல் டொட்ஜ் மட்டும் பண்ணுங்க, பெர்ஃபெக்ட் எண்டு வந்தா அந்த இடத்தில பாரியும் விழுந்திருக்கும் எண்டு அர்த்தம். அப்பிடி ஒவ்வொரு எதிரியின்ட தாளமும் பாடமான பிறகு மாறுங்க.

கே: ஒன்லைன்ல ஆக்களை பாரி பண்ண ஏலுதில்ல.

ரெண்டு பேரின்ட மெஷினும் நேரடியாத்தான் கனெக்ட் ஆகுது, எதிராளி தூரத்தில இருந்தா நீங்க திரையில பாக்கிறதே பழைய வீச்சு. தோளைப் பாக்கிற கதை அங்க சரிவராது, எப்ப அடிப்பான் எண்டு ஊகிச்சு அமத்தோணும். நான் ஒன்லைன்ல பாரியை நம்புறதில்ல.

கே: அண்ணா டிவில லேட்

👆

கே: மந்திரத்தை பாரி பண்ணலாமா?

எல்டன் ரிங்ல கேரியன் ரிடாலியேஷன் எண்ட ஷீல்ட் ஸ்கில் இருக்கு. கேரியா மாளிகையில பிடியா எண்ட ஆளிட்ட வாங்கலாம். வாற மந்திரத்தை விழுங்கி உங்கட பக்கத்தில இருந்து வாளா திருப்பி அடிக்கும், பாக்கவும் வடிவு. வெறும் பாரியால மந்திரம் நிக்காது.

கே: ஷீல்ட் இல்லாம?

ஓம், டாகர், வளைஞ்ச வாள் மாதிரி சிலதுக்கும் பாரி போடலாம், இடக்கையில வச்சு அமத்துங்க. ஆனா முதல் சின்ன ஷீல்டோட அந்த சோல்ஜரை தொடர்ந்து பத்து தரம் விழுத்திட்டு மாறுங்க.