டிரேயில் இன்று எத்தனை கட்டி?

பூனை கழிக்கும் டிரேயின் மணல் அதன் சிறுநீர்க் குழாய்க்குள் போகவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

மூன்று பக்கக் கடிதத்தில் எந்த மணல், எந்த டிரே, நாற்றத்துக்கு என்ன தெளிக்கலாம் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாதது ஒரே வரிதான்: போன மாதம் சிறுநீர் அடைத்து, மூன்று நாள் குழாயோடு கிடந்த உங்கள் நான்கு வயதுக் கடுவனுக்கு, நீங்கள் வாங்கிய மலிவு மணல்தான் எமனாக வந்ததா?

இல்லை. அடைத்தது உள்ளேயே உருவான சரக்கு. சிறுநீர்ப்பை அழன்று கசியும் சளியும் ஸ்ட்ருவைட் என்னும் உப்புப் படிகங்களும் பசைபோலத் திரண்டு, கடுவனின் ஒடுங்கிய சிறுநீர்க் குழாயில் சிக்கிக்கொள்கின்றன. பெட்டைக்குக் குழாய் அகலம்; அதற்கு இது அரிது.

ஆனால் இது திரும்பி வரக்கூடிய நோய். பூனை அடிக்கடி டிரேக்குள் போய்க் குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, குறியை ஓயாமல் நக்குகிறது, மணலிலோ ஈரமே இல்லை என்றால், இரவு 11 மணியானாலும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று பார்க்காதீர்கள். முழுதாக அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். 'மலச்சிக்கல்' என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டிவிட்டு, மறுநாள் துவண்ட பூனையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வயிற்றை அமுக்கியும் பார்க்காதீர்கள்; பை கிழியலாம்.

நீங்களும் முதல் நாள் வாழைத்தண்டுச் சாறு கொடுத்திருக்கிறீர்கள். மடை அடைத்திருக்கும்போது வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிடுவார்களா? அடுத்த முறை வலிக்குப் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா என்று இணையத்தில் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். அந்தப் பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பினாயில் வகையறாவும் அதற்கு அப்படித்தான் நஞ்சு. டிரேயைக் கழுவப் பாத்திரம் துலக்கும் சோப்பும் சுடுதண்ணீரும் போதும். கழுவி வெயிலில் காயவையுங்கள். சிறுநீர் படிந்த டிரேயில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றினால் கிளம்பும் நெடி உங்கள் நெஞ்சுக்கே ஆகாது.

மணலைப் பொறுத்தவரை, சிறுநீர் பட்டதும் கட்டிபிடிக்கும் பென்டோனைட் களிமண், வாசனை சேர்க்காதது. லாவெண்டர் மணம் உங்கள் மூக்குக்குத்தான்; பூனை அதை வெறுத்து, அடக்கிக்கொண்டு அலையலாம். நான் இந்த மணலைச் சொல்வது வேறொரு காரணத்துக்காக: கட்டிகளை எண்ணலாம். காலையும் மாலையும் அள்ளும்போது எத்தனை, எவ்வளவு பெரிது என்று பாருங்கள். பெரும்பாலான பூனைகளுக்கு நாளைக்கு இரண்டு முதல் நான்கு. அவை சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்து எண்ணிக்கையில் கூடினால் அன்றே காட்டுங்கள். ஆற்று மணலில் இந்தக் கணக்கு தெரியாது. பழைய மணலோடு கலந்து, மெல்ல மெல்ல மாற்றுங்கள். டிரேயை வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். அந்தச் சத்தத்தில் யார்தான் நிம்மதியாகப் போவார்கள்?

மணல் தூசுக்கு உங்கள் மனைவி தும்முகிறார் என்றால், தாழ்த்தி மெதுவாகக் கொட்டுங்கள். டிரேயின் நிறம் உங்கள் இஷ்டம்.

கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில், 'மருத்துவர் சொன்ன ஈர உணவைப் பூனை தொடவில்லை, நிறுத்திவிட்டோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மணலைப் பற்றி மூன்று பக்கம் கவலைப்பட்டவர், அடைப்பு திரும்பாமல் இருக்கச் சொன்ன உணவை நிறுத்தியதற்கல்லவா பதறியிருக்க வேண்டும்! பழைய உணவில் ஒரு கரண்டி, மறுநாள் இரண்டு கரண்டி என்று கலந்து இன்றே மறுபடி தொடங்குங்கள். அப்படியும் தொடவில்லை என்றால் அந்த மருத்துவரிடமே வேறு சுவை கேளுங்கள்.