அடுப்படிக் கணக்கு: வாசகியர் கேள்வி பதில்

விருதுநகரில் பதினெட்டு வருடங்களாக வீட்டிலேயே மசாலாப் பொடி போட்டு விற்றுவரும் ஒரு பெண்மணி, வீட்டுத் தொழில் செய்யும் வாசகியருக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, சாம்பார்ப் பொடி போட்டு அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன். மாதம் பத்து கிலோ, கிலோ 400 ரூபாய். ஒரு பயிற்சி வகுப்பில், "மாதம் ஒரு லட்சம்னு இலக்கு வைங்க, தினமும் காலையில எழுதிப் பாருங்க" என்றார்கள். எட்டு மாதமாக எழுதுகிறேன். வியாபாரம் அதே பத்து கிலோவில் நிற்கிறது. சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. சொந்தமாக அரவை மெஷின் வாங்கிவிடலாமா? வீட்டுக்காரர், "முதல்ல உன் திட்டம் என்னன்னு சொல்லு" என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கணக்கு நோட்டிலிருந்து இரண்டு பக்கம் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.
- வாசகி, ராஜபாளையம்

பதில்: நோட்டுப் பக்கத்தை வைத்து அனுப்பினீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் தங்கச்சி. பத்துப் பேர் எழுதினால் ஒருவர்கூடக் கணக்கைக் காட்டுவதில்லை. உங்கள் எழுத்திலேயே பதில் இருக்கிறது.

சாமான் 2,600 ரூபாய், விற்பனை 4,000 ரூபாய், லாபம் 1,400 ரூபாய் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் வீட்டுச் செலவோடு செலவாக மில் கூலி 300, கவரும் லேபிளும் 300, ஆட்டோ 160 என்று கிடக்கிறது. கேஸ் எழுதவே இல்லை. பத்து கிலோ வறுக்க 120 ரூபாயாவது ஆகும். ஆக மொத்தச் செலவு 3,480. இன்னொன்றையும் நீங்களே ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள்: வாங்கிய சாமான் பத்து கிலோ, மில்லிலிருந்து பொடியாக வந்தது 9 கிலோ 200 கிராம். மல்லியும் பருப்பும் வறுபடும்போது ஈரம் போகும், மிளகாய் வத்தலில் காம்பு போகும், மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சேதாரம் யார் அரைத்தாலும் உண்டு. அப்படியானால் நீங்கள் விற்றது 3,680 ரூபாய்க்கு. மிஞ்சியது 200 ரூபாய்.

காம்பு கிள்ளுவது, சுளகில் புடைப்பது, காயவைப்பது, வறுப்பது, மில், கவர் போடுவது, வீடு வீடாகக் கொடுப்பது எல்லாம் சேர்த்து இரண்டு நாளில் 14 மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 14 ரூபாய் சொச்சம். இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதம் காலையில் எழுந்து ஒரு லட்சம் என்று எழுதிய கை, சாயங்காலம் 14 ரூபாய்க்கு வத்தல் காம்பு கிள்ளியிருக்கிறது. வத்தல் எரிச்சல் எத்தனை முறை கழுவினாலும் ராத்திரி வரை போகாது. அது எனக்குத் தெரியும்.

அதனால் உங்கள் முதல் இலக்கு விலை. கிலோ 560 ரூபாய் வையுங்கள். அதே 9.2 கிலோவுக்கு 5,152 வரும். செலவு போக 1,672 நிற்கும். மணிக்கு 119 ரூபாய். "விலையை ஏத்தினா வாடிக்கை போயிருமே" என்பீர்கள். 2011ல் நான் ஏற்றியபோது 52 வீட்டில் ஆறு வீடுதான் வாங்குவதை நிறுத்தியது. மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "ருசி மாறாதுல்ல?" பழைய வீடுகளுக்கு மட்டும் தை வரை 480க்குக் கொடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றே 560.

இப்போது அந்த ஒரு லட்சத்தைப் பார்ப்போம். புது விலையிலேயே பத்து கிலோ ஈடு, அதாவது ஒரு தடவை போடும் பொடி, ஒன்றுக்கு 1,672 ரூபாய் என்றால், ஒரு லட்சத்துக்கு அறுபது ஈடு போட வேண்டும். அறுபதைப் பதினாலால் பெருக்குங்கள்: 840 மணி நேரம். முப்பது நாள் மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான், நீங்கள் தூங்காமல் நின்றாலும். அந்த வகுப்பில் இலக்கு சொன்னவர் உங்கள் அடுப்பைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். எட்டு மாதமாக நகரவில்லையே என்று நீங்கள் உங்களை நொந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை.

வீட்டுத் தொழிலில் இலக்கை நேரத்திலிருந்து பிடிக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் உங்களுடையது என்கிறீர்கள். மாதத்துக்கு 64 மணி. விருந்தாள், காய்ச்சல், விசேஷ வீடு என்று 14 மணி போகட்டும். ஐம்பது மணிக்குத் திட்டம் போடுங்கள். பத்து கிலோவாகப் போடாமல் இருபதாகப் போட்டால் நேரம் இரட்டிப்பதில்லை. என் அனுபவத்தில் 14 மணி இருபதாகும், அவ்வளவுதான். ஆட்டோவும் ஒரே நடை. இருபது கிலோ ஈடு மாதம் இரண்டு போட்டால் 36.8 கிலோ பொடி. செலவெல்லாம் போக 7,008 ரூபாய். வேலை நாற்பது மணி. மீதிப் பத்து மணி கணக்குக்கும் வசூலுக்கும்.

ஆனால் 36 கிலோவை யார் வாங்குவார்கள்? நான் அதிகம் யோசிக்கச் சொல்வது இந்த இடத்தில்தான். நம் பக்கத்தில் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் கால் கிலோ சாம்பார்ப் பொடி செல்லும். இப்போது உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 37 வீடு. வேண்டியது 147. இன்னும் 110 வீடு. இன்று ஐப்பசி; அடுத்த ஐப்பசிக்குள் என்றால் மாதம் ஒன்பது வீடு. தங்கச்சி, உங்கள் திட்டம் இதுதான். வீட்டுக்காரர் கேட்டால், "மாசம் ஒன்பது வீடு புதுசா சேர்க்கணும்" என்று சொல்லுங்கள். காலையில் எழுத வேண்டுமானால் இதை எழுதுங்கள். மாதக் கடைசியில் ஆறா, ஒன்பதா என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதற்கு மாதம் ஒரு கிலோவைத் தனியாக ஒதுக்கி, 50 கிராம் பொட்டலமாக இருபது போடுங்கள். அதன் அடக்க விலை 378 ரூபாய், விளம்பரச் செலவென்று எழுதிவிடுங்கள். பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள், பஞ்சு மில்லில் வேலை பார்க்கும் பெண்கள், மேல்மாடியில் தனியாக இருக்கும் வயதானவர்கள். கொடுத்த தேதியை எழுதி, பதினைந்தாம் நாள் நேரில் கேளுங்கள். போனில் கேட்டால் எல்லாரும் "நல்லா இருந்துச்சு" என்பார்கள். நேரில் கேட்டால்தான் "கொஞ்சம் உறைப்பு தூக்கல்" என்ற உண்மை வரும்.

மெஷின் வேண்டாம். 2009ல் 38,000 ரூபாய்க்கு நான் ஒன்று வாங்கினேன். மாதம் ஆறு மணி நேரம் ஓடியது. வத்தல் அரைக்கிற அன்று பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சு முட்டியது; அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒன்றரை வருடத்தில் 15,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். வீட்டு மின் இணைப்பில் தொழில் மெஷின் ஓட்டுவது தனிப் பிரச்சினை; மின்வாரியத்தில் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. கிலோவுக்கு 30 ரூபாய் கூலியில் மில்காரர் அரைத்துத் தரும்வரை அவர் மெஷின்தான் உங்கள் மெஷின். போகும்போது அரைக் கிலோ வறுத்த அரிசியைக் கொண்டுபோய், முந்தின ஆளின் மஞ்சளும் கரம் மசாலாவும் போக முதலில் அதை ஓட்டச் சொல்லுங்கள்.

60,000 ரூபாயில் 24,000 மாசிக்கு. கரிசல் காட்டு மானாவாரி மல்லி தை, மாசியில் அறுப்பாகி வரும். ராமநாதபுரம் முண்டு வத்தல் மாசியில் தொடங்கி சித்திரை தாண்டியும் வரும். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய வத்தல் அது, குழம்புக்கு அந்த நிறமும் மணமும் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வரத்து அதிகம் இருக்கும்போது நான்கு மாதச் சரக்கை எடுத்து, பங்குனி வெயிலில் மூன்று நாள் போட்டு, சூடு ஆறியபின் தகர டின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துவிடும். ஒரு வருடச் சரக்கை அள்ளிப் போடாதீர்கள். மல்லியில் வண்டு விழும், வத்தல் நிறம் மங்கும்.

12,000 தராசு, சீல் மெஷின், பெரிய இருப்புச்சட்டி, டின்கள். தராசு முத்திரை போட்டதாக இருக்கட்டும்.

மீதி 24,000ஐத் தொடாதீர்கள். ஒரு கார்த்திகையில் ஐந்து நாள் அடைமழை, வெயில் பார்க்காமல் என்னிடம் 40 கிலோ வத்தல் பூசணம் பூத்தது. முழுவதையும் குப்பையில் கொட்டினேன். அடுத்த ஈட்டுக்குச் சாமான் வாங்கக் கையில் பணம் இருந்ததால்தான் அந்த மாதம் எந்த வீட்டுக்கும் பொடி தவறவில்லை.

மாதம் பார்த்து வேலையையும் வகுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியிலும், மாலை போடுகிற கார்த்திகை, மார்கழியிலும் சாம்பார்ப் பொடி கூடுதலாகப் போகும். ஆனால் அந்த மழை மாதங்களில் காயாது. ஆகவே ஆவணிக்குள் காய்ந்த சாமான் டின்னில் இருக்க வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பருப்புப் பொடி, இட்லிப் பொடி கேட்பார்கள். தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் பொடி வியாபாரம் படுத்துவிடும். எல்லார் கையும் துணியிலும் பலகாரத்திலும் இருக்கும். அந்த இரண்டு வாரம் ஈடு போடாமல் உங்கள் வீட்டுத் தீபாவளியைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். இந்தத் தீபாவளிக்குத் தைத்துக் கொடுக்க 62 பிளவுஸ் துணி வாங்கிக்கொண்டேன். பத்தொன்பதைக் கொடுக்க முடியவில்லை. ஒரு அக்கா தெருவில் வைத்துச் சத்தம் போட்டுவிட்டார். வந்த வேலையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: எனக்குத் தையல் தெரியாது. சாத்தூரில் இருக்கும் என் மதினி இருபது வருடமாகத் தைக்கிறார்; உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டித்தான் எழுதுகிறேன்.

அவர் முதலில் கேட்டது, "லைனிங் எத்தனை, சாதா எத்தனை?" நீங்கள் எழுதவில்லை. லைனிங் பிளவுஸுக்கு வெட்டுவதிலிருந்து கொக்கி வரை மூன்று மணி நேரம், சாதாவுக்கு அதில் பாதி என்பது அவர் கணக்கு. நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் லைனிங் இரண்டு. தீபாவளிக்கு முன் 25 வேலை நாள் என்றால் ஐம்பது. அதில் ஐந்து நாளைக் கரண்ட் போவதற்கும் பிள்ளை காய்ச்சலுக்கும் கழித்தால் நாற்பது. நாற்பதோடு அவர் நிறுத்திவிடுவார்.

அவர் வீட்டு மெஷினுக்கு மேலே ஒரு தினக் காலண்டர் தொங்கும். ஒவ்வொரு தாளிலும் இரண்டு கட்டம். துணி வாங்கும்போதே வந்தவர் கண் முன்னால் கட்டத்தில் பெயர் எழுதுவார். கட்டம் நிரம்பிவிட்டால், "இடமில்லையே அக்கா, நீங்களே பாருங்க, தீபாவளி கழிச்சுத்தான்" என்று தாளைத் திருப்பிக் காட்டுவார். வேண்டாம் என்று வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கும் நமக்கு, அந்தத் தாளே சொல்லிவிடுகிறது. கோபித்துப் போனவர்களும் அடுத்த வருடம் ஆவணியிலேயே துணியோடு வந்திருக்கிறார்கள்.

எம்மிங்கும் கொக்கியும் அவர் கையால் செய்வதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிளவுஸுக்கு 20 ரூபாய் கொடுக்கிறார். ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் மிஞ்சுகிறது. அந்தத் தெருவில் சத்தம் போட்ட அக்காவின் துணியை இந்த வாரமே முடித்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கூலியில் பாதி வாங்கினால் போதும்.

கேள்வி: வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கப் போகிறேன். லைசென்ஸ் எல்லாம் வியாபாரம் பெரிதானபின் எடுத்தால் போதும் என்கிறார்களே?
- வாசகி, தேனி

பதில்: இல்லை, முதல் பாட்டிலுக்கு முன்பே வேண்டும். 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு அடுப்பில் செய்து விற்பவர்களுக்கும் பொருந்தும். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் பதிவு மட்டும் போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இப்போதைய விவரத்தை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கிற 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சடிக்க வேண்டும். கூடவே உங்கள் முகவரி, என்னென்ன சேர்த்தது, நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை நன்றாயிருக்கும், விலை, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. லேபிளை ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டு எண் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். எண் வந்தபின் அச்சகம் போங்கள்.

சிறு தொழில் என்று பதிவு செய்துகொள்ள உத்யம் என்ற பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. அது முழுக்க இலவசம். ஆதாரும் பானும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதைச் செய்து தர 2,000 ரூபாய் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்லெண்ணெய் வாங்குங்கள்.