வாசகர் கேள்வி: இலங்கைத் தகைவிலான் தனி இனமா?

கேள்வி: எங்கள் வீட்டு விறாந்தைக் கூரையின் கீழ் மண்கூடு கட்டி வாழும் தகைவிலானைப் பழைய பறவை நூல்கள் செம்பிட்டத் தகைவிலானின் துணையினம் என்கின்றன, புதிய பட்டியல்களோ இலங்கைக்கே உரிய தனி இனம் என்கின்றன. எதை ஏற்பது?
– வாசகர், மாத்தளை

பதில்: புதிய பட்டியல்களையே ஏற்கலாம். கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத், 1849-இல் இப்பறவையை விவரித்தபோது இதைத் தனி இனமாகவே பெயரிட்டார். பின்னர் வந்தவர்களே இதைச் செம்பிட்டத் தகைவிலானுக்குள் அடக்கினார்கள். அவர் கண்ட வேறுபாட்டை நீங்களும் காணலாம். உங்கள் வீட்டுப் பறவைக்குத் தொண்டை முதல் வயிறு வரை அடர்ந்த செங்காவி நிறம் படர்ந்திருக்கும். குளிர்காலத்தில் அரிதாக வடக்கிலிருந்து வந்து சேரும் செம்பிட்டத் தகைவிலானுக்கோ வெளிறிய அடிப்பகுதியில் மெல்லிய கருங்கோடுகள் ஓடும்.

ஆயினும் இவ்விரண்டும் நெருங்கிய உறவினங்கள். இரண்டும் 'செக்ரோபிஸ்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவ்வுறவை உங்கள் விறாந்தைக் கூடே காட்டிவிடும். 'ஹிருண்டோ' பேரினத்தைச் சேர்ந்த சாதாரணத் தகைவிலான், சுவரில் ஒட்டிய அரைக்கிண்ணம் போலத் திறந்த கூடு கட்டும். செக்ரோபிஸ் பறவைகளோ மண்ணுருண்டைகளை அடுக்கிக் குடுவை போல மூடி, நுழைவதற்குக் குழாய் போன்ற வாயிலையும் அமைக்கும். 1993-இல் விங்க்ளர், ஷெல்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் கூட்டு வடிவங்களை டி.என்.ஏ. ஒப்பீட்டில் கிடைத்த உறவுமுறையோடு பொருத்திப் பார்த்து, மண்கூடு கட்டும் தகைவிலான்கள் யாவும் ஒரே கிளையிலிருந்து வந்தவை என்றும், கிண்ணத்திலிருந்து மூடிய கூடும் அதிலிருந்து குடுவைக் கூடும் படிப்படியாக உருவாயின என்றும் காட்டினார்கள். இறகு நிறத்தை மட்டும் நம்பிய வகைப்பாட்டைவிட இது எவ்வளவோ உறுதியானது. பறவையின் உழைப்பே அதன் வம்சாவளியைச் சொல்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பேரின அளவில் இத்தனை தெளிவு இருந்தும், இனங்களின் எல்லை இன்னும் நிலைபெறவில்லை. 2024-இல் செம்பிட்டத் தகைவிலானை ஐரோப்பிய, ஆப்பிரிக்க, கிழக்கத்திய இனங்கள் எனப் பிரித்தார்கள். அதுவரை தனி இனமாக இருந்த தென்கிழக்காசியாவின் கோடுடைத் தகைவிலானைக் கிழக்கத்திய இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அண்டை வடிவங்கள் ஒன்றோடொன்று கலக்கும் பெருநிலப்பரப்பில் எங்கே கோடு கிழிப்பது என்பது கடினமான முடிவு. கடலால் பிரிந்து, தனி நிறம் பெற்று நிற்கும் உங்கள் பறவைக்கு அந்தச் சிக்கல் இல்லை.