அரை கிரவுண்ட் மனையில் குறைந்த செலவில், பெட்டி மாதிரி இல்லாத தனி வீடு கட்ட முடியுமா?

இதைக் கேட்டவரிடம் இருப்பது தாம்பரம் பக்கம் கிழக்குப் பார்த்த 30×40 அடி மனை, இரண்டு படுக்கையறை, இறுக்கமான பட்ஜெட். தாராளமாக முடியும். முகப்பு கிளாடிங்குக்கும் (சுவரில் ஒட்டும் அலங்காரப் பலகை, கல்) ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஒதுக்கிய பணத்தைக் கூரைக்குத் திருப்புங்கள். சின்ன வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் கண்ணில் படுவது கூரைதான்.

முதலில் பிளான். 24×30, அதாவது 720 சதுர அடி போதும். நடை வேண்டாம், 3 அடி அகலத்தில் 12 அடி நடை விட்டால் 36 சதுர அடி வீண். ஹாலிலிருந்தே அறைகளுக்குக் கதவு வைக்கலாம். குளியலறையும் படிக்கட்டும் மேற்கே போகட்டும், சாயங்கால வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். பிற்பகல் கடல்காற்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் சன்ஷேடு 2 அடிக்குக் குறையக் கூடாது.

கூரைக்கு என் சிபாரிசு ஃபில்லர் ஸ்லாப், அதாவது உள்ளே ஓடு பதித்து வார்க்கும் கான்கிரீட் கூரை. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை. ஸ்லாபின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட் சும்மா கனம். அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு சேர்த்து வைக்கிறோம். கான்கிரீட் மிச்சம், கனமும் குறைவு. அந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவில் நிற்கும் காற்று மொட்டைமாடிச் சூட்டை மட்டுப்படுத்தும். அடியில் பூச்சு கிடையாது; ஓட்டின் சிவப்பு அப்படியே தெரியும்.

சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். ஓட்டை நன்றாக நனைக்காமல் கான்கிரீட் போட்டால், கலவையின் தண்ணீரை ஓடு குடித்துவிடும். அதை ஒட்டிய கான்கிரீட் பொடியும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு ஜோடி ஓட்டுக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே 3, 4 அங்குலம் இடம் இல்லாவிட்டால் ஜல்லி இறங்காது, கம்பி வெளியே தெரியும். ஓட்டுக்கு மேல் குறைந்தது 2 அங்குலம் கான்கிரீட் வேண்டும். கம்பியை அடிப்பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் 20 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். கடலோர மனைக்கு இன்னும் அதிகம் தேவை. சுவரை ஒட்டியும் குளியலறைக்கு மேலும் சன்ஷேடிலும் ஓடு வைக்கக் கூடாது. ஃபேன் பாக்ஸ், லைட் பாயின்ட், பைப் எல்லாம் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கும்போதே முடிவாக வேண்டும், பிறகு உடைக்க வழியில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் டிராயிங் கையில் இல்லாமல் மேஸ்திரியிடம் இதை விடாதீர்கள். அந்தச் செலவில் கஞ்சம் பிடிப்பது ஆபத்து.

அடுத்தது பிளிந்த், அதாவது வீட்டின் தரைமட்ட உயரம். 2015 வெள்ளத்தில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் பட்ட பாடு தெரியும். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போது ஏறும். சாலையிலிருந்து 3 அடி உயர்த்துங்கள். வாசலுக்கு ஆறு படி வரும், அதன் பக்கத்திலேயே இரண்டரை அடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டிவிடலாம். பெரிய செலவில்லாமல் வீட்டுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும்.

தரைக்கு ஹாலில் மட்டும் ஆத்தங்குடி கல் (செட்டிநாட்டில் கையால் செய்யும் சிமென்ட் டைல்ஸ்), மற்ற அறைகளில் சாதாரண டைல்ஸ். ஆத்தங்குடி கல்லில் சிந்திய சிமென்ட் பாலை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்: அந்தக் கல்லின் மேற்பரப்பே சிமென்ட்தான், ஆசிட் பட்டால் நிறம் போய்விடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தாலே பளபளப்பு ஏறும்.